எந்த ஜன்னலில் நிற்பது?

ஆட்டிசத்துக்கு ஒரு கதவு, மனச்சோர்வுக்கு வேறு கதவு. இரண்டும் ஒரே பிள்ளைக்கு வந்தால் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவது அம்மாதான்.

சயான் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவில் காலையிலேயே கூட்டம் முட்டும். தாராவிக்கு அது கூப்பிடு தூரம். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருகிறவர்களுக்குக்கூட அதிக தொலைவில்லை. கேஸ் பேப்பர் எடுக்கும் வரிசையில் திருநெல்வேலித் தமிழும் மராத்தியும் உருதுவும் கலந்து காதில் விழும். காய்ச்சலா, எலும்பு முறிவா, பிரசவமா? எந்த ஜன்னல் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

பதினாறு வயதுப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஆட்டிசம் என்று ஐந்து வயதிலேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதிகம் பேசமாட்டான். ஆனால் தினமும் மாலை தெருமுனைக் கடைக்குப் போய் ஒரே பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி வருவான், டி.வி. பார்ப்பான், தங்கையோடு சிரிப்பான். மூன்று மாதமாக எதுவும் இல்லை. தூக்கமில்லை, சாப்பாடில்லை, தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறான். இவனை எந்த ஜன்னலுக்கு அழைத்துப் போவது? குழந்தைகள் பிரிவுக்கு அவன் பெரியவன். பல அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு 12 வயதோடு முடிந்துவிடுகிறது. மனநலப் பிரிவுக்குப் போனால், "இது ஆட்டிசம், சிறப்புப் பள்ளியில் காட்டுங்கள்" என்று சொல்லக்கூடும். சிறப்புப் பள்ளியில் கேட்டால், "இப்போதைய பிரச்சினை மனநோய் மாதிரி இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள்" என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கோட்டுக்குள் நின்று பார்க்கிறார்கள். இது மும்பையின் குறை மட்டுமல்ல, நாடு முழுவதும் இதுதான் கதை.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டிவிட்டால், அதன் பிறகு அவனுக்கு வருகிற எல்லாமே அந்தப் பலகையின் கணக்கில் எழுதப்படுகின்றன. 'ஆட்டிசம் என்றால் அப்படித்தான் கடிப்பான்.' கடிப்பதற்குப் பல்வலி காரணமாக இருக்கலாம். மலச்சிக்கலோ காது வலியோ இருக்கலாம். வலிப்பு நோயின் தொடக்கமாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். பள்ளியில் யாராவது அடித்திருக்கலாம். அக்காளுக்குக் கல்யாணமாகி வீட்டில் ஒரு குரல் குறைந்திருக்கலாம். அல்லது, எவருக்கும் வருவதுபோல அவனுக்கும் மனச்சோர்வு வந்திருக்கலாம். சொல்லத் தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் கையைக் கடிக்கிறான்.

இது அரிதாக நடப்பதல்ல. 2019ல் லான்செட் சைக்கியாட்ரி இதழ், உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்கை வெளியிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்குப் பதற்ற நோய்; சுமார் 11 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு; சுமார் 13 சதவீதம் பேருக்குத் தூக்கக் கோளாறு. இந்தியாவிலும் எண்ணிக்கை சிறியதல்ல. ஹிமாசலத்தின் காங்க்ரா முதல் ஹைதராபாத் வரை ஐந்து இடங்களில் நடந்து 2018ல் வெளியான ஆய்வு, 2 முதல் 9 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. காது கேளாமை, வலிப்பு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எல்லாம் இதில் அடக்கம்.

குழப்பத்தில் பாதி மொழியில் இருக்கிறது. ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்றொரு தமிழ்ச் சொல் புழங்குகிறது. கேட்பவர் காதில் அது 'மன இறுக்கம்' என்று விழுந்தால், "யோகா வகுப்பில் சேர்க்கலாமே" என்று அறிவுரை வரும். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பல வருஷமாகப் பத்திரிகைகள் 'மனநலம் குன்றியவர்கள்' என்றே எழுதி வந்தன. அவர்களில் பெரும்பாலோரின் மனநலத்துக்கு ஒரு குறையுமில்லை. மராத்தியில் 'மதிமந்த்' வேறு, 'மனோருக்ண' வேறு. ஆனால் தாராவிச் சந்தில் இரண்டுக்கும் 'பாகல்' என்ற ஒரே சொல்தான். போதாக்குறைக்கு ஆங்கிலத்திலும் தகராறு. 'லேர்னிங் டிஸெபிலிட்டி' என்றால் இங்கிலாந்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு. மும்பையில் 'எல்.டி.' என்றால் புத்திசாலிப் பிள்ளைக்கு எழுத்தோ கணக்கோ பிடிபடாத டிஸ்லெக்ஸியா வகை. லண்டன் சித்தப்பா அனுப்பும் கட்டுரையைச் செம்பூரில் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டமும் இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது. 1987ன் மனநலச் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை மனநோய் என்ற வரையறையிலிருந்து விலக்கியது. 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அப்படியே. அதற்கு நியாயம் உண்டு. குறைபாடு ஒன்றையே காரணம் காட்டி ஒருவரை மனநோய் விடுதியில் பூட்டிவிடக் கூடாதல்லவா? பூட்டினால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். குறைபாட்டுக்கான சட்டங்கள் தனி வழியில் வளர்ந்தன. 1995ன் சட்டத்தில் ஏழே வகைகள். ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இல்லை. 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்தது. 2016ன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் ஒரு சட்டம் சமூக நீதி அமைச்சகத்தில், மற்றொன்று சுகாதார அமைச்சகத்தில். குறைபாடு உள்ளவருக்கே மனநோயும் வந்தால் சிகிச்சை பெற அவருக்கு முழு உரிமை உண்டு, சட்டம் தடுக்கவில்லை. இரண்டு துறைகளின் ஆட்களும் ஒரே மேஜையில் உட்கார ஏற்பாடு செய்வது யார் என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரே மேஜை என்ற யோசனை மும்பைக்குப் புதிதுமல்ல. இன்று செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகம், 1936ல் பம்பாய் நாக்பாடாவில் தொடங்கிய காலத்தில், அடுத்த ஆண்டே குழந்தைகளுக்கான வழிகாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தது. நாட்டின் முதல் நிலையம் அது. அமெரிக்காவிலிருந்து வந்த அந்த முறையின் உயிர்நாடியே மூவர் அணி: மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர். மூன்றாமவரின் வேலை வீட்டுக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் நூல் கோப்பது. ஒன்பது பத்தாண்டுகளுக்குப் பிறகும், பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த மூன்றாவது நாற்காலிதான்.

அந்த நாற்காலியில் பெற்றோரே உட்கார்ந்தார்கள். சிவ்ரியில் இருக்கும் ஜெய் வகீல் பள்ளி, 1944ல் தங்கள் மகளுக்காக ஒரு பார்சி தம்பதி தொடங்கியது. செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைன் ரயிலில் நேராகப் போய் இறங்கலாம். 1972ல் மிது ஆலூர் மூளை முடக்குவாதம் உள்ள மகளுக்காகத் தொடங்கியது ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி. அவரே பின்னர் 1990களில் செய்த ஆய்வில், ஏழைக் குழந்தைகளுக்காக அரசு நடத்தும் அங்கன்வாடித் திட்டத்திலேயே குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இடமில்லை என்று காட்டினார். 2001ல் டாக்டர் விபா கிருஷ்ணமூர்த்தி 'உம்மீத்' மையத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ச்சி டாக்டர், பயிற்சியாளர், மனநல ஆலோசகர் எல்லோரும் ஒரே குழு. குழந்தையோடு பெற்றோரின் மனநிலையும் கவனிக்கப்படுகிறது. சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றரைக் கோடிப் பேர் வாழும் நகரத்தில் நல்ல தீவுகளை எண்ணிக் காட்டிவிட்டு ஏற்பாடு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

மாட்டுங்காவின் பிரச்சினை வேறு தினுசு. அங்கே பத்தாம் வகுப்பு என்பது பிள்ளை எழுதும் பரீட்சை அல்ல, குடும்பமே எழுதுவது. கிங்ஸ் சர்க்கிள் சுற்றுவட்டாரத்தில் கோச்சிங் வகுப்புப் பலகை இல்லாத கட்டடம் அபூர்வம். அப்படிப்பட்ட இடத்தில் எழுத்துப் பிடிபடாத ஒரு பையன் எப்படி வளர்வான்? மகாராஷ்டிரம் இந்த விஷயத்தில் முன்னோடி: 1996லேயே கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் போன்ற சலுகைகளைத் தந்தது. அதே ஆண்டு மகாராஷ்டிரா டிஸ்லெக்ஸியா சங்கமும் பிறந்தது. சயான் ஆஸ்பத்திரியின் கற்றல் குறைபாட்டு கிளினிக்கில் பணியாற்றிய டாக்டர் சுனில் கரந்தே எழுதிய ஆய்வுகள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அவர் அளந்தவற்றில் ஒன்று, குறைபாடு என்று தெரிந்ததும் அம்மாக்களுக்கு ஏற்படும் பதற்றம். பிள்ளையை மட்டும் பார்த்தால் போதாது என்று ஒரு குழந்தைகள் டாக்டருக்குத் தோன்றியதே, அதுதான் விஷயம்.

சான்றிதழ் கிடைத்ததும் அந்த வீட்டில் பெருமூச்சு விடுகிறார்கள். கூடுதல் நேரம் கிடைக்கும், பாஸாகிவிடுவான். அதுவரை எட்டு வருஷம் 'சோம்பேறி', 'மண்டு' என்று கேட்டவனின் மனத்துக்கு என்ன சலுகை? 2007ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தை டிஸ்லெக்ஸியா படம் என்றே எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். விடுதிப் பள்ளியில் தள்ளப்பட்ட அந்தப் பையன் பேச்சை நிறுத்துகிறான். உயிராய் நேசித்த ஓவியத்தை விட்டுவிடுகிறான். அது எழுத்துப் பிரச்சினை இல்லை, மனச்சோர்வு. கடைசியில் எழுத்தும் ஓவியமும் சேர்ந்தே திரும்புகின்றன, ஏனென்றால் அந்த ஆசிரியர் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தார். சினிமாவில் அமீர் கான் கிடைக்கிறார். நகராட்சிப் பள்ளியில் வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர்.

தாராவிப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழே எட்டாக்கனி. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஆனால் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் தரப்படுத்தப்பட்ட தேர்வுகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015ல் இந்திய மொழிகளுக்கென்று ஒரு தேர்வை வெளியிட்டபோது, முதலில் வந்தவை ஹிந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு எழுத்து வரவில்லையா, மொழி மாறியதால் திணறுகிறதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மொழி விஷயத்தில் இன்னொரு கொடுமை உண்டு. வீட்டில் தமிழ், சந்தில் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம், ஆஸ்பத்திரியில் மராத்தி. "பிள்ளை குழம்பும், ஒரே மொழியில் பேசுங்கள், ஆங்கிலமே நல்லது" என்று பயிற்சியாளர்கள் காலங்காலமாகப் பெற்றோருக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். விளைவு? ஆங்கிலம் அறியாத தாய் தன் பிள்ளையிடம் 'கம்', 'சிட்', 'ஈட்' என்ற மூன்று சொற்களில் குடும்பம் நடத்துகிறாள். கொஞ்சலும் திட்டும் தாலாட்டும் போய், கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. கனடாவிலும் பிற நாடுகளிலும் நடந்த ஆய்வுகள், இரண்டு மொழிகள் கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகள் அதனால் பின்தங்குவதில்லை என்று காட்டியிருக்கின்றன. தாய்மொழியைப் பறித்துவிட்டு, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று பிள்ளை எந்த மொழியில் சொல்லும்? மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி சேவையில், 14416 என்ற எண்ணில், தமிழிலும் ஆலோசனை கேட்கலாம். முன்பின் தெரியாத குரலோடு பேசப் பல ஆட்டிசப் பிள்ளைகளால் முடியாது, அம்மா பேசலாம். பேச வேண்டியது முக்கியமாக அவளேதான்.

வழி தெரியாதபோது கை நீள்வது மாத்திரைக்கு. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளுக்கு உரிய இடம் இருக்கிறது. ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்காக அமெரிக்கா 2006ல் அதை அனுமதித்தது. உடல் பருப்பது முதல் பல பக்க விளைவுகளும் உண்டு. ஏன் கடிக்கிறான் என்று கேட்காமல் கடிப்பதை நிறுத்த மட்டும் கொடுத்தால், அது சிகிச்சையல்ல, வாய்ப்பூட்டு. இங்கிலாந்து இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. அங்கே உரிய மனநோய்க் காரணம் இல்லாமலே 30,000 முதல் 35,000 அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்கள் தினமும் இத்தகைய மருந்துகளை விழுங்குவதாக அரசு அமைப்பே 2015ல் மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு பிரிஸ்டலில் ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞன் இறந்தான். ஆட்டிசமும் வலிப்பும் உள்ளவன். இந்த வகை மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனும் சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். கொடுத்தார்கள், மூளை வீங்கியது. 2022ல், சுகாதாரப் பணியில் இருக்கும் அத்தனை ஊழியர்களுக்கும் ஆட்டிசம் பற்றிய பயிற்சி தர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அந்தப் பயிற்சிக்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தாராவியில் மருந்தைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது: இடம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், பக்கத்தில் தையல் மெஷின், மேலே இன்னொரு குடும்பம். சத்தத்தைத் தாங்காத பிள்ளைக்கு அது நரகம் என்று வெளியாள் நினைப்பார். ஆனால் அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவனைத் தெரியும். வழி தவறினால் இட்லி விற்கும் அக்கா கைபிடித்து வீட்டில் விட்டுவிடுவாள். அவனுடைய ஒழுங்கு அந்தச் சந்துதான். தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024ல் தொடங்கியது. யாருக்கு அங்கேயே வீடு, யாருக்கு வேறு இடம் என்பதை 2000, 2011 என்ற வருஷங்களும், வீடு தரையிலா மாடியிலா என்பதும் தீர்மானிக்கின்றன. ஒரு நாற்காலியை நகர்த்தினாலே இரண்டு நாள் தூங்காத பிள்ளையை, யாருக்கும் அவனைத் தெரியாத ஒரு பேட்டையின் பத்தாவது மாடிக்கு மாற்றும்போது, முன்கூட்டியே அழைத்துப் போய்க் காட்டவாவது ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் பெரிய டாக்டராக இருக்க வேண்டியதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்து 2016ல் லான்செட் சைக்கியாட்ரியில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பெற்றோரும் பிள்ளையும் பேசிப் பழகுவது மேம்பட்டது. தாராவித் தமிழர்களில் பலருக்குச் சொந்த ஊர்ப்பக்கமான தென்காசி ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைபேசியில் பதிவதோடு, பராமரிப்பவரின் பாரத்தையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். தமிழக அரசும் உலக வங்கிக் கடனில் 'உரிமைகள்' திட்டத்தின் கீழ் எல்லாச் சேவையும் ஒரே கூரையில் கிடைக்கும் மையங்களைத் திறந்து வருகிறது. ஊரில் கிடைப்பது மும்பையில் கிடைக்காமல் விடுமுறைக்குப் போகும்போது காட்டிவிட்டு வரும் நிலை வந்தால், அதைவிட வேடிக்கை இருக்க முடியாது.

மும்பையில் அதற்கான ஆட்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். மாநகராட்சியின் ஆரோக்கிய சேவிகாக்கள் தாராவியின் ஒவ்வொரு சந்துக்கும் போகிறவர்கள். போலியோ சொட்டு மருந்து, காசநோய், கர்ப்பிணிகள் எல்லாம் அவர்கள் கணக்கில்தான். எந்த அறையில் பள்ளிக்குப் போகாத பையன் இருக்கிறான், எந்த அம்மா ஒரு வாரமாகக் கதவைத் திறக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பகுதியின் நகர்ப்புற சுகாதார நிலையமான 'சோட்டா சயா'னும் பெரிய சயான் ஆஸ்பத்திரியின் கிளையே. சேவிகா எழுதும் சீட்டை அங்கே ஒருவர் வாங்கி, குழந்தைகள் பிரிவு, மனநலப் பிரிவு, பள்ளி மூன்றுக்கும் தகவல் சொல்லி, ஒரே கேஸ் பேப்பரில் எழுத வைக்கலாம். புதுக் கட்டடம் வேண்டாம். ஆனால் இதையும் சேவிகாவின் தலையில் இலவசமாகக் கட்டிவிட முடியாது. குறைந்தபட்சக் கூலி கேட்டு வருஷக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். இந்த வேலையைக் கொடுப்பதற்கு முன், அதற்கென்று பயிற்சியும் நேரமும் சம்பளமும் எழுதிய உத்தரவு ஒன்று மாநகராட்சியிலிருந்து வர வேண்டும்.